தொடர்புக்கு: மாமா

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் யோசியுங்கள். யாரோ ஒரு பிள்ளை வேலை தேடுகிறது என்ற சேதி காதில் விழுந்த மறு நிமிடமே, கூப்பிடாமல் வந்து, யாரும் காட்டாத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் போடாத காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைப் பெற்றவர்களிடம், "நீங்க ஏன் கவலைப்படறீங்க? நான் பார்த்துக்கறேன்" என்று கையை உயர்த்துவாரே, அவரேதான். இந்த இனத்துக்குப் 'பார்த்துக்கறேன் மாமா' என்று பெயர். மாமாவாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சித்தப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மேனேஜர், சில வீடுகளில் அத்தை என்று பல உருவங்களில் நடமாடும். குணம் ஒன்றுதான். தங்களுக்கு யாரும் எதையும் பார்த்துக்கொள்ளக் கொடுக்காத காலத்தில்தான் இவர்கள் மற்றவர்களுடையதைப் பார்த்துக்கொள்ளக் கிளம்புவார்கள்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தாறு. குளிர்சாதனப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வில் வந்தவர். விருப்பம் யாருடையது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். "கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுப் போன காலத்துலேருந்து நமக்கு அதோட பழக்கம்" என்பார். உண்மைதான். உள்ளே போய் என்ன செய்தார்? பிரிண்டருக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். யார் யார் பாஸ்வேர்டை மறந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்தார். அதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகும் காலை எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு ரெடியாகிவிடுவார். ஃபோன் சட்டைப் பையில் இருக்கும், மணி ஓசை உச்சத்தில் இருக்கும். யார் கூப்பிடப் போகிறார்கள்? லோன் வேண்டுமா என்று கேட்கிற ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடும். அந்தப் பெண்ணிடமே அவர் பத்து நிமிஷம் பேசுவார். கடைசியில், "சார், அடுத்த ஃபோன் காலுக்கு நேரமாச்சு" என்று அதுவாகத்தான் வைக்கும்.

இப்படிப்பட்டவருடைய அக்கா மகள் வேலை தேடினால் சும்மா இருப்பாரா?

அக்கா குடும்பம் அதே வளாகத்தில் பக்கத்துக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருந்தது. அக்கா புருஷன், அதாவது நம் மாமாவுக்கு அத்தான், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனுக்குத் தன் கட்டடத்து லிஃப்டைத் தொட அனுமதி கிடையாது. அது வேறு கம்பெனி. அந்த லிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் படுத்துவிடும். மகளுக்குப் பதினேழு வயது. கம்ப்யூட்டர் படிப்புதான் படிப்பேன் என்று நின்றாள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த லீவு முடியறதுக்குள்ள, நீ எழுதற ப்ரோகிராமுக்கு வெளியாள் யாராவது ஒருத்தர் ஒரு ரூபாயாவது கொடுக்கட்டும். உன் இஷ்டம் போல படி. யாரும் கொடுக்கலைன்னா நான் சொல்ற அக்கவுண்ட்ஸ் படிப்பு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

லீவு முடிய மூன்று வாரம் இருந்தது. சேதி பக்கத்துக் கட்டடத்துக்குப் போக மூன்று நிமிஷம் ஆனது. வந்துவிட்டார் நம் மாமா.

முதல் வேலையாகப் பயோடேட்டாவைக் கேட்டு வாங்கினார். அவள் எழுதியிருந்தது ஒரே பக்கம். பேர், படிப்பு, தெரிந்த மொழிகள், அப்புறம் செய்த வேலை என்று ஒரே ஒரு வரி: 'எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லும் வலைப்பக்கம்.' அவ்வளவுதான். காவலாளி காலையில் தன் ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினால் 'ஓடுது' அல்லது 'ஓடலை' என்று அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்துவிடும். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அதைப் பார்க்காமல் படியிறங்குவதில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதென்ன பாப்பா? லிஃப்ட் ஓடுதா ஓடலையான்னு எழுதினா உன்னை லிஃப்ட் ரிப்பேருக்கில்ல கூப்பிடுவாங்க?"

"நான் செஞ்சது அதுதானே மாமா?"

"செஞ்சது வேற, எழுதறது வேற. நீ தள்ளு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒற்றை விரலால் தட்டினார். ஒரு பக்கம் நாலு பக்கமாயிற்று. லிஃப்ட் பக்கம் இருந்த இடத்தில், 'செங்குத்துப் போக்குவரத்துத் தகவல் மேலாண்மை அமைப்பு ஒன்றைத் திட்டமிட்டு நிறைவேற்றிய முன்னனுபவம்' என்று உட்கார்ந்திருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"மாமா, இது எனக்கே புரியலையே."

"புரிஞ்சா மதிக்க மாட்டாங்கம்மா."

கடைசியில் தொடர்பு எண் வந்தது. அங்கேதான் நம் மாமாவின் முகத்தில் ஒரு பொறுப்பு வந்து இறங்கியது. "கண்ட கண்ட ஆளெல்லாம் ஃபோன் பண்ணுவான். வயசுப் பொண்ணு நம்பரை ஊருக்கெல்லாம் கொடுக்கறதா? என் நம்பரைப் போடு" என்றார். சமையலறையிலிருந்து அக்கா, "தம்பி சொல்றது சரிதான்" என்று குரல் கொடுத்தாள். மகள் தன் எண்ணை அழித்துவிட்டு மாமாவின் எண்ணைப் போட்டாள். தொடர்புக்கு: மாமா.

கூடவே சில பாடங்களும் நடந்தன. யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது, சிரிக்காமலும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எவன் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்லக் கூடாது. "மூணு நாள் காக்க வைக்கணும் பாப்பா. உடனே ஓடினா நமக்கு வேற வேலை இல்லேன்னு தெரிஞ்சுபோயிடும்." இது அவர் கம்பெனியில் கற்ற வித்தை. மேசைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் மூன்று நாள் மற்றக் காகிதங்களுக்கு அடியில் ஊறப் போட்டுத்தான் எடுப்பார். முப்பத்தொரு வருஷம் அப்படி நடந்தது. கம்பெனி ஏன் அவரை அனுப்பியது என்று இப்போது நீங்கள் யோசிப்பீர்கள். அவர் யோசித்ததில்லை.

பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் போயிற்று. தினம் சாயங்காலம் அவள் மாமா வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "ஏதாவது வந்துச்சா மாமா?" மாமா ஃபோனை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "வரும்மா" என்பார். இரண்டு வாரம் இப்படி ஓடியது. லீவு முடிய ஒரு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. லோன் பெண் இல்லை.

"வணக்கம் சார். நான் பல் டாக்டர் பேசறேன். கடைத் தெருவுல க்ளினிக் வச்சிருக்கேன். ஒரு ப்ரோகிராம் வேலைக்கு விண்ணப்பம் வந்திருந்துச்சு. இப்ப உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா சார்?"

உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா சார்! இரண்டு வருஷமாயிற்று ஐயா, ஒரு மனுஷி அவரிடம் இப்படிக் கேட்டு. நம் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். குரல் தானாகவே பழைய ஆபீஸ் குரலாகிவிட்டது. "சொல்லுங்க மேடம், பேசலாம்" என்றார்.

டாக்டருக்கு வேண்டியது சின்ன விஷயம். எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு மாதிரி செய்து காட்டினால் போதும், பிடித்தால் வேலையும் பணமும் உடனே. காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவாள். இதைச் சொல்ல டாக்டருக்கு இரண்டு நிமிஷம் ஆனது. மாமா பேசியது முப்பத்தெட்டு நிமிஷம். க்ளினிக் ஆரம்பித்து எத்தனை வருஷம், சொந்தக் கட்டடமா வாடகையா, பல்லைப் பிடுங்குவது நல்லதா அடைப்பது நல்லதா என்று, வேலை கொடுக்க வந்தவளை உட்கார வைத்து ஒரு நேர்முகத் தேர்வே நடத்தி முடித்து, "பாப்பாவோட நேரத்தைப் பார்த்துட்டு நானே கூப்பிடறேன்" என்று வைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள்.

"ஏதாவது வந்துச்சா மாமா?"

"வரும்மா, வரும்."

ஏன் அப்படிச் சொன்னார்? மூன்று நாள் காக்க வைக்கிற வித்தையாம். டாக்டரைக் காக்க வைக்க இந்தப் பிள்ளையை ஏன் காக்க வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: சேதியைச் சொல்லிவிட்டால் அது அவளுடையதாகிவிடும். சொல்லாத வரைக்கும் அது அவர் சட்டைப் பையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை 'சில விளக்கங்கள்' கேட்க அவராகவே டாக்டரை இரண்டு தடவை கூப்பிட்டார். அன்றைக்கு அவர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டதைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள், எதையும் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே பார்க்க வேணாம் மாமா. அப்பா கொடுத்த அக்கவுண்ட்ஸ் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்கு அம்மா போய்க் கொடுத்துடுவாங்க."

"ஏம்மா? இன்னும் நாலு நாள் இருக்கே?"

"பதினொரு பேர் மாமா. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்றதுக்காகவாவது கூப்பிடலை. நான் செஞ்சது நல்லா இருக்குன்னு நான் மட்டும்தான் நினைச்சுட்டு இருந்திருக்கேன் போல." சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "நீங்க ரொம்ப அலைஞ்சீங்க. தேங்க்ஸ் மாமா."

தேங்க்ஸாம்! அந்த இடத்தில் பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். ஆனால் இப்போது சொன்னால் திங்கட்கிழமையே வந்தது என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமையே வந்ததென்றால் ஏன் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். பெரிய மனுஷனுக்கு அது முடிகிற காரியமா? "நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் வந்தது. அவள் போய்விட்டாள். அவர் ஃபோனைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். என்ன முடிவு? அவளிடம் சொல்வதா? அதுதான் இல்லை. டாக்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்பது! அதற்குள் எப்படியாவது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமாம். கூப்பிட்டார். டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சார், நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க மேடம்."

"அப்படி ஒரு பொண்ணு நெஜமாவே இருக்காளா?"

"மேடம்!"

"இல்ல சார், நாலு நாளா உங்க குரலைத்தான் கேட்கறேன். ஐம்பது வயசுக்கு மேல வேலை தேடறதுல ஒரு தப்பும் இல்ல. அதுக்குப் போய்ச் சின்னப் பொண்ணு பேர்ல விண்ணப்பம் போடணுமா? எங்க ரிசப்ஷன்லயே ஒரு ஆள் வேணும். நீங்க நல்லாப் பேசறீங்க. உங்க பேர்லயே வாங்களேன்."

மறைக்காமல் சொல்கிறேன், ஒரு கணம், ஒரே ஒரு கணம், நம் மாமாவின் மனசு சந்தோஷத்தில் துள்ளிற்று. ரிசப்ஷன்! மேசை! மணி அடித்துக்கொண்டே இருக்கிற ஃபோன்! மறு கணம் அந்தப் பிள்ளையின் சரியாக வராத சிரிப்பு ஞாபகம் வந்தது. அட பாவி, அவளுக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று போய் எனக்கல்லவா வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

"இருக்கா மேடம்! சத்தியமா இருக்கா! லைன்லயே இருங்க, இதோ கொண்டுபோய்த் தர்றேன்!"

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினார். லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். குத்தினார். அப்போது மாடிப்படியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள், கையில் ஒரு உறையோடு.

"டேய் தம்பி, எதுக்கு அதைப் போட்டு இந்தக் குத்து குத்தறே? காலையிலேருந்து ஓடலைன்னு போட்டிருக்கே. நீ பேஜைப் பார்க்கலையா?"

"அக்கா, கையில என்ன அது? ஃபாரமா? கொடுக்காதே! அங்கேயே நில்லு!"

காதில் டாக்டர் குரல் கேட்டது. "சார், என்ன பேஜ் அது?"

"அது ஒண்ணுமில்ல மேடம்... லிஃப்ட் ஓடுதா ஓடலையான்னு சொல்லும்... என் அக்கா மக எழுதினது..." படியேற ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது மாடி. "வாட்ச்மேன் ஒரு தட்டுத் தட்டினா... எல்லார் ஃபோன்லயும் தெரியும்..."

"அட, எனக்கு வேண்டியதே அந்த மாதிரிதானே சார்! நாற்காலி காலியா இல்லையான்னு காட்டணும், அவ்வளவுதானே? இதை ஏன் விண்ணப்பத்துல எழுதலை?"

"எழுதியிருக்கோமே மேடம்..." மூன்றாவது மாடி. "செங்குத்துப் போக்குவரத்து..."

"ஐயோ, அதுவா இது? கிரேன் கம்பெனியில இருந்தீங்க போலன்னு நினைச்சேன்!"

ஐந்தாவது மாடியில் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஏழாவது மாடிக் கதவு திறந்தபோது அவரால் பேச முடியவில்லை. ஃபோனை மட்டும் நீட்டினார். அவள் அவரையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"ஹலோ... ஆமா மேடம், நான்தான்... லிஃப்ட் பேஜா? நான்தான் எழுதினேன்... சரி... முடியும்... அது தெரியலை மேடம், பார்த்துட்டுச் சொல்றேன்..."

தெரியலை என்று சொல்லிவிட்டாளே! சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா கண்ணை மூடிக்கொண்டார். எதிர்முனையில் டாக்டர் என்ன சொன்னாளோ, அவள் முகம் மலர்ந்தது. மொத்தம் மூன்று நிமிஷம். ஐந்து மணிக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தாள். வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தாள். திரையில் பல் டாக்டர் என்ற பெயர் வரிசையாக நின்றது. வியாழன், செவ்வாய், செவ்வாய், திங்கள்.

"திங்கட்கிழமையே வந்துச்சா மாமா?"

"ஆமாம்மா."

"நேத்து நான் தேங்க்ஸ் சொன்னப்போ இது உங்க பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு." இதைச் சொல்ல அவருக்கு ஏழு மாடியை விட அதிக மூச்சு வாங்கியது. "தப்புதான் பாப்பா. எனக்கு யாரும் ஃபோன் பண்றதில்ல. வந்ததை உன்கிட்ட கொடுக்க மனசு வரலை."

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அன்று ஐந்து மணி வரை அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. மாமா கூடத்தில், கொடுக்காத ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் காப்பி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நாலே முக்காலுக்கு அவள் அனுப்பினாள். சனிக்கிழமை பணம் வந்தது. அத்தான் அந்தச் சேதியை மூன்று தடவை படித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம் போல படி" என்று சாப்பிட்ட கையைக் கழுவப் போனார். ஃபாரத்தை அக்கா கிழித்துப் போட்டாள். மாமாவோடு அந்தப் பிள்ளை பேச இன்னும் ஒரு வாரம் பிடித்தது, அது அவருக்கு வேண்டியதுதான்.

ஐந்தாவது மாடியில் பிடித்துக்கொண்டது இடது முழங்கால்தான் என்பது வரை எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காமல் விட்டால் நன்றாக இருக்கும்.

இவ்வளவோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த திங்கட்கிழமை பல் டாக்டரே மறுபடி கூப்பிட்டாள். "சார், பொண்ணு பிரமாதம். ரிசப்ஷன் வேலையும் நான் சும்மா சொல்லலை. நாளைக்கே வர்றீங்களா?" என்றாள். அந்த வேலைக்கு அவர் உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கினார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேசையை மனசுக்குள் துடைத்துக்கூட வைத்துவிட்டார். வாயைத் திறந்தார். "பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்" என்று வந்தது.

சரியாக மூன்று நாள் காக்க வைத்தார். வியாழக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கூப்பிட்டார். "அடடா, நேத்து ஒருத்தரைப் போட்டுட்டேனே சார். கேட்ட உடனே வர்றேன்னுட்டார்" என்றாள் டாக்டர்.

சரி, அவரை விடுங்கள். உங்கள் ஃபோனை எடுங்கள். உங்கள் பிள்ளைக்கோ, தம்பிக்கோ, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற அந்தப் பையனுக்கோ சேர வேண்டிய சேதி ஒன்று, 'நேரம் பார்த்துப் பக்குவமாச் சொல்லிக்கலாம்' என்று அதற்குள் கிடக்கிறதா? நன்றாகப் பாருங்கள், இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கிடந்தால் இப்போதே எழுந்து போய்க் கொடுத்துவிடுங்கள். லிஃப்டுக்காக நிற்க வேண்டாம்.